அரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால்

பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 10:25-37
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நல்ல சமாரியர் உவமை இன்று மறுபடியும் நம்மிடம் வந்திருக்கிறது. மறைக்கல்வி வகுப்புக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகிற பாதை, கள்வர்கள், குற்றுயிராய்க் கிடக்கும் மனிதர், பார்த்தும் விலகிப் போகிற குரு, பார்த்தும் விலகிப் போகிற லேவியர், பிறகு சமாரியர். வாசகர் இரண்டாவது வரியை வாசிக்கும்போதே நம்மில் பாதிப்பேர் கதையை மனதுக்குள் முடித்துவிட்டு, மதியச் சமையலைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். ரொம்பத் தெரிந்த கதைகளுக்கு நேரும் கதி அது.

அதனால் இன்று, கதையில் இல்லாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். சமாரியர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கள்வர்கள் போய்விட்டார்கள். பாதையில் அடிபட்ட மனிதர் மட்டும் கிடக்கிறார். சமாரியர் அரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால்? அடி விழுந்துகொண்டிருக்கும்போதே அங்கே வந்து நின்றிருந்தால்? அவர் என்ன செய்திருப்பார்?

நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் வருவது இந்தக் கேள்விதான். ஆளில்லாத பாதையில் குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவரை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? ஆனால் ஓடுகிற பேருந்தில், நெரிசலான ரயில் பெட்டியில், ஒருவருடைய மொழியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, இன்னொருவர் வாய்க்கு வந்தபடி பேசுவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே கள்வர் இன்னும் போகவில்லை. நமக்கு எதிர் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஓடும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டி. நல்ல கூட்டம். அதில் வட மாநிலத் தொழிலாளர்கள் சிலர் பயணம் செய்கிறார்கள். நம் தமிழர் ஒருவர் அவர்களைத் தகாத வார்த்தைகளால் திட்டுகிறார், அடிக்கிறார். அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. ரயில்வே போலீசார் வழக்குப் பதிவு செய்து, அடித்தவரைக் கைது செய்தார்கள். செய்தியில் அது அத்தோடு முடிந்தது. நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்தப் பெட்டியில் இருந்த மற்றவர்களைப் பற்றி.

அடுத்த மாதமே இன்னொன்றும் நடந்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. வேறு எங்கோ, வேறு எதற்காகவோ நடந்த சண்டைகளின் படங்களை எடுத்து ஒட்டியிருந்தார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பிப் பார்த்தது. அந்தக் காணொளிகள் பொய் என்று நம் காவல்துறை சொன்னது உண்மை. அதைக் கேட்டு நமக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் பொய் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டதற்கு என்ன காரணம்? கழுத்தில் வெட்டு விழவில்லை, சரி. காதில் விழுந்த வார்த்தைகள்? அவை நாள்தோறும் விழுந்துகொண்டுதான் இருந்தன.

இது காஞ்சிபுரத்துக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் நம் மாவட்டம்தான். அங்குள்ள தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வார விடுமுறையில் மார்க்கெட்டுக்கு வருகிறார்கள், கோயில் பார்க்க வருகிறார்கள், நம் பேருந்துகளில்தான் ஏறுகிறார்கள். அவர்கள் ஏறியவுடன் பேருந்துக்குள் என்ன பேசப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ‘வடக்கன்’ என்ற அந்த ஒரு சொல் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் தெரியும். சொல்லில் குற்றமில்லை, வடக்கிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். சொல்லும் குரலில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருநாள் இந்தப் பிள்ளைகள். இன்னொரு நாள் புர்கா அணிந்த ஒரு சகோதரி. தொலைக்காட்சியில் குண்டுவெடிப்புச் செய்தி வந்த மறுநாள் அவர் பேருந்தில் ஏறினால், யாரோ ஒருவர் அவர் காதில் விழும்படி பாகிஸ்தானைப் பற்றிப் பேசுவார். வேறொரு நாள், திருவிவிலியத்தைக் கையில் பிடித்தபடி செபக்கூட்டத்துக்குப் போகிற நம் வீட்டு அம்மா. மதம் மாற்றுகிற கூட்டம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். நம் வீட்டு அம்மாவுக்கு நடந்தால் நமக்கு வலிக்கிறது. அந்தச் சகோதரிக்கு நடக்கும்போதும் அதே அளவு வலிக்கிறதா என்பதை அவரவர் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

நாம் ஏன் வாய் திறப்பதில்லை? பயம் ஒரு காரணம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2017-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, டெல்லியில் ரம்ஜான் பெருநாளுக்குத் துணிமணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு முஸ்லிம் சிறுவன் ரயிலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். இருக்கைத் தகராறு மதத்தைச் சொல்லித் திட்டுவதாக மாறி, கடைசியில் கொலையில் முடிந்தது. அதே ஆண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 26 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஓடும் ரயிலில் இரண்டு இளம்பெண்களை ஒருவன் வசைபாடினான். அவர்களில் ஒரு பெண் ஹிஜாப் அணிந்திருந்தாள். மூன்று ஆண்கள் குறுக்கே வந்தார்கள். அவன் மூன்று பேரையும் கத்தியால் குத்தினான். இருவர் இறந்துபோனார்கள், மூன்றாமவர் படுகாயத்தோடு பிழைத்தார். ஆகவே, ‘எழுந்து நின்று தட்டிக் கேளுங்கள்’ என்று ஒலிபெருக்கி முன் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது சுலபமில்லை.

பயத்தைப் பற்றி நற்செய்திக்கு நன்றாகத் தெரியும். பேதுருவை நினைத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் வீட்டு முற்றம். உள்ளே ஆண்டவரை விசாரிக்கிறார்கள், அறைகிறார்கள், துப்புகிறார்கள். வெளியே பேதுரு. அங்கே நின்றவர்கள் அவரை எதை வைத்து அடையாளம் கண்டார்கள்? அவருடைய பேச்சை வைத்து என்று மத்தேயு எழுதுகிறார். கலிலேயாக்காரரின் பேச்சு எருசலேம்காரர் காதுக்கு வித்தியாசமாக இருந்தது. வாயைத் திறந்தவுடன் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிட்டது. ஒரகடத்திலிருந்து வரும் பேருந்தில், வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒடிசாப் பையனின் பயம் அந்த முற்றத்தில் பேதுருவுக்கு இருந்தது. நம் திருச்சபையின் முதல் திருத்தந்தை, பேச்சுவழக்கால் மாட்டிக்கொண்ட ஒரு வெளியூர்க்காரர்.

பயம் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. சில நேரம் நாம் சும்மா இருப்பது, திட்டுகிறவர் சொல்வதில் பாதி நமக்கும் சரி என்று படுவதால். ‘இவர் பேசுகிற விதம் தப்பு, ஆனால்...’ என்று மனதுக்குள் ஒரு ‘ஆனால்’ வருகிறதே, அது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அசிசி நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்ற சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் இந்தச் சமாரியர் உவமையைப் பற்றியது. பார்த்தும் பாராமல் கடந்துபோகிறவர்கள் கள்வர்களுக்கு மறைமுகக் கூட்டாளிகளாகிவிடுகிறார்கள் என்று அங்கே எச்சரிக்கிறார். கடுமையான வார்த்தைதான். நம் ‘ஆனால்’ அந்தக் கூட்டில் கையெழுத்துப் போடுகிற இடம்.

இப்போது ஒரு பயணத்தைப் பார்ப்போம். எல்லாருக்கும் தெரிந்த பயணம். ஆனால் நாம் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

1893 ஜூன் 7, இரவு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்த 23 வயது வழக்கறிஞர் காந்தியைப் பெட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு சக பயணி என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? பெட்டிக்குள் வந்தார், காந்தியை ஏற இறங்கப் பார்த்தார், போய் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

காந்தி பயணத்தை நிறுத்தவில்லை. சார்லஸ்டவுனிலிருந்து குதிரை வண்டி. அதன் பொறுப்பாளர் அவரை உள்ளே மற்றவர்களோடு உட்கார விடாமல், வெளியே வண்டியோட்டி பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு அந்த இடமும் தனக்குச் சுருட்டுப் பிடிக்க வேண்டும், நீ காலடியில் சாக்கின்மேல் உட்கார் என்றார். காந்தி மறுத்தார். அடி விழுந்தது. காந்தி வண்டியின் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே இருந்த பயணிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தபிறகு சிலருக்கு மனசு கேட்கவில்லை. அவரை விடு, அடிக்காதே, அவர் சொல்வது நியாயம்தானே, அங்கே இடமில்லை என்றால் எங்களோடு வந்து உட்காரட்டும் என்று குரல் கொடுத்தார்கள். அந்த ஆள் முரண்டுதான் பிடித்தான், ஆனாலும் அடி நின்றது. தாமதமாக வந்த குரல். இருந்தாலும் வந்தது.

மூன்றாவது கட்டம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவுக்கு ரயில். மறுபடியும் முதல் வகுப்பு. ஜெர்மிஸ்டன் நிலையத்தில் கார்டு வந்து, மூன்றாம் வகுப்புக்குப் போ என்று கைகாட்டினார். அந்தப் பெட்டியில் காந்தியைத் தவிர ஒரே ஒரு ஆங்கிலேயர் இருந்தார். அவர் கார்டைப் பார்த்து, இவரை ஏன் தொந்தரவு செய்கிறாய், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருக்கிறாரே, இவர் என்னோடு பயணம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்றார். காந்தியிடம் திரும்பி, நீங்கள் இருக்கிற இடத்திலேயே வசதியாக இருங்கள் என்றார். கூலியோடு போக உனக்கு இஷ்டம் என்றால் எனக்கென்ன என்று கார்டு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அன்று இரவு காந்தி பிரிட்டோரியா போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆங்கிலேயருடைய பெயரைக் காந்தி தம் சத்திய சோதனையில் எழுதவில்லை. மகாத்மா என்று பின்னால் உலகம் கொண்டாடப்போகிற ஒருவருக்கு உதவுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவர் பிரசங்கம் செய்யவில்லை. இனவெறி தவறு என்று கார்டுக்குப் பாடம் நடத்தவில்லை. சத்தம்கூடப் போட்டதாகத் தெரியவில்லை. கார்டிடம் இரண்டு வார்த்தை, காந்தியிடம் ஒரு வார்த்தை. கார்டிடம் பேசியதைவிட, காந்தியிடம் திரும்பிப் பேசிய அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடிபடுகிறவரிடம் யாருமே பேசாமல் போவதுதான் இந்த மாதிரி நேரங்களில் நடக்கும். எல்லாரும் திட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கார்டின் வாயில் ‘கூலி’ என்ற சொல் இருந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்யப்போன நம் தமிழ் மக்களையும் மற்ற இந்தியரையும் இழிவாகக் குறிக்க அங்கே பயன்பட்ட சொல் அது. நம் மொழிச் சொல்லே வசையாக நமக்குத் திரும்பி வந்தது. அந்த ஆங்கிலேயர், இவர் கூலி இல்லை, படித்த வழக்கறிஞர் என்று வாதாடியிருக்கலாம். அப்படி வாதாடியிருந்தால் காந்தி தப்பியிருப்பார், கூலிகள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களை மூன்றாம் வகுப்புக்கு விரட்டலாம் என்று ஆகியிருக்கும்.

இதே இடத்தில் நம் ஆண்டவர் எப்படி நடந்துகொண்டார் என்று யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். எதிராளிகள் அவரை இரண்டு வசைகளால் ஒரே மூச்சில் திட்டுகிறார்கள். ஒன்று, நீ சமாரியன். இரண்டு, உனக்குப் பேய் பிடித்திருக்கிறது. இயேசு பதில் சொல்கிறார், ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான். பேய் பிடிக்கவில்லை என்கிறார். சமாரியன் என்ற வசையைத் தொடவே இல்லை. நான் சமாரியன் இல்லை, கலிலேயாவில் வளர்ந்த யூதன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சமாரியராக இருப்பது கேவலம் என்பதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

சகோதர சகோதரிகளே, நம்மில் நல்ல மனசு உள்ளவர்கள்கூடச் சறுக்குகிற இடம் இது. பேருந்தில் யாரையாவது திட்டும்போது, ‘அண்ணே விடுங்க, அவர் பீகார்க்காரர் இல்லை, ஆந்திராக்காரர்’ என்கிறோம். ‘இவங்க முஸ்லிம்தான், ஆனா நல்லவங்க’ என்கிறோம். ‘பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியா இருக்கு?’ என்கிறோம். ஒருவரைக் காப்பாற்றி, ஒரு கூட்டத்தையே காட்டிக்கொடுக்கிறோம். பீகார்க்காரராகவே இருக்கட்டும். சீட்டு எடுத்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மிஸ்டனில் அந்த மனிதர் சொன்னது அதுதானே?

சரி, அரை மணி நேரம் முன்னதாக வந்த சமாரியர் என்ன செய்திருப்பார்? கதையில் அவர் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். கண்டார், பரிவு கொண்டார், அருகில் போனார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார், கவனித்துக்கொண்டார், இரண்டு தெனாரியம் கொடுத்தார். எல்லாம் அடிபட்டவருக்காக. கள்வர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அவர் வாய் திறந்து பேசுவது ஒரே ஒருவரிடம், சாவடிப் பொறுப்பாளரிடம். கள்வர்கள் அங்கேயே நின்றிருந்தாலும் அவர் ‘அருகில் போயிருப்பார்’ என்றுதான் எனக்குப் படுகிறது. கள்வர் அருகில் இல்லை, அடிபடுகிறவர் அருகில்.

திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம், இடமிருந்தால் உட்காரலாம். திட்டுகிறவரைப் பார்க்கவே வேண்டாம். ‘தம்பி, எங்க இறங்கணும்?’ என்று அவனிடம் கேட்கலாம். அவனுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கேட்கலாம். தன்னிடம் ஒருவர் மனிதனாகப் பேசுகிறார் என்பது எந்த மொழியிலும் புரியும். திட்டுகிறவருக்கும் புரியும், இவன் தனியாள் இல்லை என்று. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லாருடைய கண்ணும் அந்தப் பெண்ணின்மேல் இருந்தது. இயேசு குனிந்து தரையில் எழுதினார். கூட்டத்தின் கண் அவர் விரலுக்குப் போனது. என்ன எழுதினார் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது, எல்லாரும் தன்னை முறைத்துப் பார்ப்பது நின்றது.

சாவடிப் பொறுப்பாளரையும் மறக்க வேண்டாம். பேருந்தில் அவர் நடத்துநர். ‘கண்டக்டர் சார், இங்க கொஞ்சம் வாங்க’ என்று கூப்பிடுவதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை. ரயிலில் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம், எங்கேயும் 112. ஓடும் ரயிலிலோ நிலையத்திலோ ஆபாசமாகவோ இழிவாகவோ பேசுவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 145-ஆம் பிரிவின்படி குற்றம். இறக்கிவிடவும் தண்டிக்கவும் இடமுண்டு. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, அதுவும் 1989-ஆம் ஆண்டுச் சட்டம். கைப்பேசியில் பதிவு செய்வது சில நேரம் உதவும். ஆனால் பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் அதை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாதீர்கள். அவருடைய அவமானம் நம் குழுவுக்குப் பொருளாகிவிடக் கூடாது. திட்டுகிறவர் குடித்திருக்கிறார், கையில் ஏதோ வைத்திருக்கிறார் என்றால் தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரைக் கண்ணால் கூப்பிடுங்கள். ஒருவர் எழுந்தால் மூன்று பேர் எழுவார்கள். குதிரை வண்டியில் நடந்ததும் அதுதான்.

ஒன்றுமே செய்ய முடியாமல் போய்விட்டது, திட்டியவர் இறங்கிப் போய்விட்டார் என்று வையுங்கள். அப்போதும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடிபட்டவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதுதான் லூக்கா எழுதிய சமாரியரின் நேரம். ‘அவன் பேசினது தப்பும்மா’ என்று ஒரு வார்த்தை. தண்ணீர் பாட்டிலை நீட்டுவது. 2014 டிசம்பரில் சிட்னி நகரில் ஒரு உணவகத்தில் துப்பாக்கிக்காரன் ஒருவன் மக்களைப் பிணைபிடித்தபோது, முஸ்லிம்கள் வெளியே வரப் பயந்தார்கள். பேருந்திலும் ரயிலிலும் நான் உங்களோடு வருகிறேன் என்று ஆஸ்திரேலிய மக்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். உங்களுக்காகப் போராடுகிறேன் என்று எழுதவில்லை பாருங்கள். உங்களோடு வருகிறேன், அவ்வளவே.

சாவடிப் பொறுப்பாளரே திட்டுகிறவராக இருந்தால்? அதுவும் நம் மாநிலத்தில் நடந்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பேருந்து நிலையம். மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு வயதான அம்மாவை, மீன் நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கி ஏழு மாதம்கூட ஆகாத நேரம். அந்த அம்மா அழுதுகொண்டு மூலையில் போய் உட்காரவில்லை. அழுதார்தான், ஆனால் பேருந்து நிலையத்தின் நடுவே நின்று, நேரக் காப்பாளர் முன்னால், இது என்ன நியாயம் என்று ஊர் கேட்கக் கேட்டார். யாரோ அதைப் பதிவு செய்தார்கள். முதலமைச்சரே வருத்தம் தெரிவித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே வாரத்தில் நாகர்கோவில் வடசேரியில் நரிக்குறவர் குடும்பம் ஒன்றைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியும் வந்தது. அங்கும் பணியிடைநீக்கம்.

அந்த மூவரும் கெட்டவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. மீன் கூடை ஏறும்போது மூக்கைச் சுளித்த பயணிகள் இல்லாமலா நடத்துநருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்கும்? முதல் திருத்தூதர்கள் மீன் பிடித்தவர்கள். அவர்களுடைய ஆடையிலும் அந்த வாசனைதான் இருந்திருக்கும்.

காஞ்சிபுரத்தில் இதைப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டு, வெளியூர்க்காரர் இல்லாமல் இல்லை. நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்கிறவர்களிலும் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசிய முன்னோர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் வந்தபோதும் யாராவது பேச்சை வைத்துக் கேலி பேசியிருப்பார்கள். இன்று அவர்கள் இல்லாமல் காஞ்சிப் பட்டு ஏது? கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். ஒரு ஆள் போதாது, மறுபக்கம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். நெசவாளர் வீடுகளுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

நம் ஆலயத்துக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற தொழிலாளர்களில் கத்தோலிக்கர் உண்டு, பழங்குடி மக்களில் குறிப்பாக. 2008-இல் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் கிறிஸ்தவர்களின் வீடுகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்ட பிறகு, ஊரைவிட்டு வேலை தேடிப் போனவர்கள் பலர். விசுவாசத்துக்காக அடிபட்டவர்கள். அவர்களில் ஒருவர் பேருந்தில் நம்மிடம் ‘வடக்கன்’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, அதே ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து முழந்தாளிடலாம். திருவிருந்து வரிசையில் நமக்குப் பின்னால் நிற்கலாம். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிப்பது இருக்கை விஷயத்தைத்தான். நல்ல உடை உடுத்தியவருக்கு நல்ல இடம், அழுக்கு உடைக்காரருக்கு ‘நீ அங்கே நில்’. பேருந்துக்காக எழுதியதுபோல இருக்கிறது, ஆனால் தொழுகைக்கூடத்துக்காக எழுதினார்.

இந்தி தெரியாதே, எப்படிப் பேசுவது என்று சிலர் கேட்பீர்கள். ‘பைட்டியே’ என்றால் ‘உட்காருங்கள்’. அந்த ஒரு சொல் போதும். அதுவும் நாக்கில் வரவில்லை என்றால், பக்கத்து இருக்கையில் வைத்திருக்கிற பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுங்கள். உட்கார்ந்துகொள்வார்.